போஸ்டிலிருந்து மீட்டர் வரை: வீட்டுக்கு வரும் வயர்களைப் புரிந்துகொள்ள முழுமையான வழிகாட்டி

போன ஐப்பசியில் குளச்சல் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். விடிய விடியப் பெய்த மழை அப்போதுதான் வெறித்திருந்தது. அந்த வீட்டு அக்கா வாசலிலேயே நின்று சொன்னார்: "தம்பி, மோட்டரப் போட்டா லைட்டு மங்குது, பிரிட்ஜ் உறுமுது. உள்ள எல்லா சுவிட்சையும் மாத்தியாச்சு. என்னன்னே தெரியல."

நான் வீட்டுக்குள் போகவில்லை. முற்றத்தில் நின்று மேலே பார்த்தேன். போஸ்டிலிருந்து வரும் சர்வீஸ் வயரின் நடுவில் ஒரு இணைப்பு இருந்தது. அதில் சுற்றிய கறுப்பு டேப்பின் நுனி அவிழ்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஈபிக்குச் சொன்னோம். லைன்மேன் வந்து டிரான்ஸ்பார்மரை ஆஃப் செய்துவிட்டு அந்த டேப்பைப் பிரித்தார். உள்ளே அலுமினியம் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடியாகிக் கொட்டியது. ஏழு இழையில் மூன்றுதான் பிடித்துக்கொண்டிருந்தன, அவையும் கருகிப் போயிருந்தன. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. வீட்டுக்குள் மாற்றிய அத்தனை சுவிட்சும் நல்ல சுவிட்சுகள்தான்.

வயரிங் வேலையில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எந்த சுவிட்ச் எந்த பேனுக்கு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சுவருக்கு வெளியே தொங்கும் வயரில் எது என்ன, எங்கிருந்து வருகிறது, யாருடைய பொறுப்பு என்றால் தெரியாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதைத் தெரிந்து வைத்திருப்பது மிகவும் அவசியம். இங்கே வருடத்துக்கு இரண்டு மழைக்காலம்: ஆனி ஆடியில் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. கடலோரத்தில் உப்புக் காற்று. உள்ளே வந்தால் தென்னையும் ரப்பரும் பலாவும் வயரைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. இந்த மூன்றில் ஒன்றாவது உங்கள் வயரை தினமும் தின்றுகொண்டிருக்கும்.

முதல் வேலை: எண்ணுங்கள்

மழையில்லாத ஒரு பகலில் நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வாருங்கள். ஏணி வேண்டாம், கம்பும் வேண்டாம். எதையும் தொடப்போவதில்லை, கண்ணால் பார்ப்பது மட்டும்தான். உங்கள் சுவரில் வந்து சேரும் வயர்களை ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொன்றும் எந்தப் போஸ்டிலிருந்து வருகிறது என்று பின்தொடருங்கள்.

பெரும்பாலான வீடுகளில் மூன்று இருக்கும்: கரண்ட் சர்வீஸ் வயர், கேபிள் டிவி வயர், இன்டர்நெட் பைபர். பழைய வீடென்றால் நாலாவதாக டெலிபோன் வயரும் இருக்கும். போன் போய்ப் பத்து வருடம் ஆகியிருக்கும், வயர் மட்டும் அப்படியே தொங்கும்.

இவற்றைப் பிரித்தறிய சுலபமான வழி, சுவரில் எங்கே வந்து பிடிக்கிறது என்று பார்ப்பது. சர்வீஸ் வயர் ஒரு வெள்ளைப் பீங்கான் உருளையில் வந்து நின்று, பிறகு இரும்பு அல்லது பிவிசி குழாய்க்குள் இறங்கி மீட்டருக்குப் போகும். வழி நெடுக அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஜிஐ கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) கூடவே ஓடும். கேபிள் டிவி வயர் உருண்டையாக, பென்சில் பருமனில் இருக்கும். பைபர் வயர் கறுப்பாக, சப்பையாக, ஷூ லேஸ் போல மெலிந்து காணும். டெலிபோன் வயர் இரண்டு மெல்லிய இழை ஒட்டிய மாதிரி இருக்கும்.

போஸ்டில் எந்த வயர் மேலே, எது கீழே என்பதையும் கவனியுங்கள். கரண்ட் கம்பிகள் உச்சியில், கேபிளும் பைபரும் அவற்றுக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். உங்கள் வீட்டருகே கேபிள் வயர் கரண்ட் கம்பியை உரசிக்கொண்டோ, அதற்கு மேலேறியோ போனால் நோட்டில் முதல் வரியாக அதை எழுதுங்கள்.

கரண்ட் வரும் வழி

தெரு டிரான்ஸ்பார்மருக்கு 11,000 வோல்ட்டில் வரும் கரண்ட் அங்கே குறைந்து, போஸ்ட் கம்பிகளில் ஓடுகிறது. மூன்று பேஸ் (கரண்ட் வரும் கம்பி), ஒரு நியூட்ரல் (அது திரும்பிப் போகும் கம்பி), சில இடங்களில் தெருவிளக்குக்குத் தனியாக ஒன்று என்று நாலைந்து கம்பிகள் இருக்கும். இரண்டு பேஸுக்கு நடுவே சுமார் 400 வோல்ட், ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். சிங்கிள் பேஸ் வீட்டுக்கு ஒரு பேஸும் நியூட்ரலும் வரும். திரீ பேஸ் என்றால் நாலு வயர். எந்தக் கம்பி பேஸ், எது நியூட்ரல் என்று கீழே நின்று ஊகிக்காதீர்கள். எல்லாவற்றையும் உயிருள்ள கம்பியாகவே நினையுங்கள்.

சில தெருக்களில் தனித்தனிக் கம்பிக்குப் பதில் கறுப்பு உறை போட்டு முறுக்கிய ஒரே தடித்த கேபிள் போகும். மரம் அடர்ந்த இடத்துக்கும் கடலோரத்துக்கும் அது நல்லது. ஓலை விழுந்தாலும் பொறி பறக்காது.

உங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரில் நான்கு இடங்களைப் பாருங்கள்.

போஸ்டில் லைன் கம்பியோடு சேரும் இணைப்புதான் முதலாவது. இரவில் அங்கே சின்னதாகப் பொறி தெரிந்தாலோ, காற்றடிக்கும்போது மட்டும் வீட்டில் லைட் துடித்தாலோ இணைப்பு தளர்ந்திருக்கிறது.

இரண்டாவது, நடுவழி. சர்வீஸ் வயரில் இணைப்பே இருக்கக்கூடாது, முழு நீளமும் ஒரே வயராக இருக்க வேண்டும். செம்பையும் அலுமினியத்தையும் நேராக முறுக்கிச் சேர்த்தால் ஈரமும் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிடும். குளச்சல், முட்டம், தேங்காய்பட்டணம் பக்கம் இது இன்னும் வேகமாக நடக்கும். டேப் சுற்றியதால் நீர் உள்ளே போகாது என்று நம்ப வேண்டாம். போன நீரை வெளியே விடாமல் வைப்பதும் அதே டேப்தான்.

மூன்றாவது இடத்தைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன். வயரும் தாங்கு கம்பியும் உரசும் இடம் அது. வருடக்கணக்கில் காற்றில் ஆடி ஆடி வயரின் தோல் தேயும். ஒரு நாள் உள்ளே இருக்கும் பேஸ் அந்த ஜிஐ கம்பியைத் தொடும். பீங்கான் உருளை நன்றாக இருந்தால் கரண்ட் அதைத் தாண்டி வீட்டுக்கு வராது. உருளை உடைந்திருந்தாலோ, யாராவது அதைக் கழற்றிவிட்டுக் கம்பியை நேராக இரும்புக் குழாயில் கட்டியிருந்தாலோ, குழாய் முழுக்கக் கரண்ட். அந்தக் குழாயிலிருந்து வேப்பமரத்துக்குத் துணி காயப்போட ஒரு கம்பிக்கொடி கட்டியிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மழை நாளில் ஈரத் துணியை எடுக்கப் போகும் கை நம் வீட்டுக் கைதான். அதனால் கேட்டுக்கொள்கிறேன்: சர்வீஸ் குழாயில் துணிக்கொடி கட்டாதீர்கள். போஸ்ட் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியில் மாடோ ஆடோ கட்டாதீர்கள். கொடிக்கு நைலான் கயிறு போதும், அதுவும் இரண்டு மரத்துக்கு நடுவே.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். "எங்க வீட்டுல ஆர்சிசிபி போட்டிருக்கு, ஷாக் அடிக்காது" என்று பலர் சொல்வார்கள். கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச் அது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி நல்ல பொருள், கட்டாயம் போடுங்கள். ஆனால் அது தனக்குப் பின்னால் இருக்கும் வயரிங்கை மட்டும்தான் கவனிக்கும். போஸ்டுக்கும் மீட்டருக்கும் நடுவே கரண்ட் கசிந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. பியூஸ் போய்விடும் என்றும் நம்ப முடியாது. குழாய் மண்ணைத் தொடும் இடத்தில் 20 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 230-ஐ 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். டிரான்ஸ்பார்மர் பியூஸுக்கு அது ஒரு வீட்டு லோடு மாதிரிதான். அது போகாது, குழாய் உயிரோடு நின்றுகொண்டே இருக்கும்.

நான்காவது, வயர் குழாய்க்குள் நுழையும் இடம். மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டே நடக்கும். வயர் மேலிருந்து நேராகக் குழாய்க்குள் இறங்கினால் நீரும் கூடவே இறங்கி மீட்டர் பெட்டிக்குள் சொட்டும். அதனால்தான் குழாயின் உச்சியைக் குடைக் கைப்பிடி போலக் கீழ்நோக்கி வளைப்பார்கள். வயரையும் நுழையும் முன் ஒரு சாண் அளவுக்குத் தொங்கவிட்டு, 'ப' வடிவில் வளைத்து மேலேற்றுவார்கள். நீர் அந்த வளைவின் அடியில் சேர்ந்து சொட்டிவிடும். மழை பெய்யும்போது சன்னல் வழியாகப் பாருங்கள், எங்கே சொட்டுகிறது என்று கண்ணுக்கே தெரியும். கேபிளுக்கும் பைபருக்கும் இதே விதிதான். சுவரில் போட்ட ஓட்டை உள்ளிருந்து வெளியே கொஞ்சம் சரிவாக இருக்க வேண்டும்.

உயரம், தூரம்

மின்பாதுகாப்பு விதிகளில் இருக்கும் சில அளவுகள் வீடு கட்டுபவர்களுக்கு உதவும். தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி (வீடுகளுக்குக் கரண்ட் தரும் 230, 400 வோல்ட் கம்பி) குறைந்தது 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். தெருவோடு கூடப் போனால் 5.5 மீட்டர். கட்டடத்தின் உச்சிக்கு மேலே 2.5 மீட்டரும், பக்கவாட்டில் 1.2 மீட்டரும் இடைவெளி வேண்டும். பக்கத்தில் 11,000 வோல்ட் லைன் போனால் மேலே 3.7 மீட்டர். மாடி எடுக்கும்போதும், சன்ஷேடு நீட்டும்போதும், துணி காயவைக்க மொட்டை மாடியில் தகரக் கூரை போடும்போதும் இதை மறந்துவிடுகிறோம். இடைவெளி குறைகிறது என்றால் லைனை நகர்த்த ஈபியில் மனு கொடுக்கலாம். செலவு நம்முடையது. ஆனால் சாரம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டும்.

வயரை மண்ணுக்கடியில் கொண்டுபோக விரும்பினால் ஆர்மர்டு கேபிள் (உலோகக் கவசம் போட்ட கேபிள்) வாங்கி, முக்கால் மீட்டர் ஆழத்தில் போட்டு, மேலும் கீழும் மணல் பரப்பி, செங்கல் அடுக்கி மூடுங்கள். கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு படம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். விளையில் (தோட்டத்தில்) வாழைக்குக் குழி எடுக்க வருபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே யாருடைய பொறுப்பு

மீட்டர், அதன் சீல், அதற்கு முன்னால் போஸ்ட் வரை உள்ள வயர், இதில் எதையும் நாமோ நம் வயர்மேனோ கழற்றக்கூடாது. அது ஈபி ஆட்களின் வேலை. மீட்டரிலிருந்து வெளியே வரும் வயர், மெயின் சுவிட்ச், ஆர்சிசிபி, எர்த் எல்லாம் நம் பொறுப்பு. கேபிளும் பைபரும் வீட்டுப் பெட்டி வரைக்கும் அந்தந்த ஆபரேட்டர் பார்க்க வேண்டியது.

எர்த் பற்றி மட்டும் கொஞ்சம். 2.5 மீட்டர் ஜிஐ பைப்பை மண்ணில் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போடுவது பழகிய முறை. கடலோர மணலில் மேல்மண் சீக்கிரம் காய்ந்துவிடும், தக்கலை பக்கம் சில இடங்களில் தோண்டினால் பாறை வரும். இரண்டு இடத்திலும் ஒரே குழியை நம்பாமல், சில மீட்டர் தள்ளி இன்னொன்று எடுத்து இரண்டையும் சேர்ப்பது நல்லது. மாசி பங்குனியில் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். சர்வீஸ் குழாய் இரும்பு என்றால் அதையும் எர்த்தில் சேர்த்திருக்கிறதா என்று வயர்மேனிடம் கேளுங்கள்.

கேபிள் டிவியும் பைபரும்

கேபிள் டிவி வயருக்குள் நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரை, அதன் மேல் வலைப்பின்னல், கடைசியாகக் கறுப்புத் தோல். தெருவில் வருவது தடிமனான ஆர்ஜி-11, வீட்டுக்குள் வருவது ஆர்ஜி-6. படம் கட்டம் கட்டமாக உடைந்தால் முக்கால்வாசி நேரம் குற்றவாளி வெளியே இருக்கும் கனெக்டர்தான். அதைத் திறந்தால் நடுக்கம்பியில் பச்சைக் களிம்பு இருக்கும். கனெக்டரை மாற்றி, கூரைக்கு அடியில் நனையாத இடத்துக்கு நகர்த்தினால் சரியாகிவிடும். ஒரு லைனை இரண்டு டிவிக்குப் பிரித்தால் சிக்னல் பாதிக்கும் கீழே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பைபரில் கரண்ட் இல்லை. தலைமுடி அளவு கண்ணாடி இழையில் ஒளி ஓடுகிறது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் கண்ணைக் கெடுக்கலாம். அதனால் அறுந்த முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கக்கூடாது. வீட்டுப் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு விளக்கு மின்னினால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்வதால் பலனில்லை. வெளியே போய்ப் பாருங்கள்: ஓலை விழுந்து வயர் மடங்கியிருக்கும், அணில் கடித்திருக்கும், அல்லது யாரோ சன்னல் இடுக்கில் வைத்து நசுக்கியிருப்பார்கள். பைபரை வளைக்கலாம், மடிக்கக்கூடாது. டீ டம்ளரைச் சுற்றி வருகிற வளைவு பரவாயில்லை, அதற்கு மேல் இறுக்க வேண்டாம்.

கரண்ட் இல்லை என்று சொன்னேனே, அதை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சப்பை வயருக்குள் இழையைத் தாங்கப் பெரும்பாலும் எஃகுக் கம்பி ஓடுகிறது. அறுந்த பைபர் மேலே எங்கோ ஒரு லைன் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த எஃகு வழியாகக் கரண்ட் உங்கள் கைக்கு வரும். கேபிள் டிவி வயரும், செத்த டெலிபோன் வயரும் அப்படித்தான். தெருவில் கிடக்கும் எந்த வயரையும் கையால் ஒதுக்காதீர்கள். பயன்படாத பழைய வயரை ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்பது

வீடு முழுக்க இருட்டு என்றால் முதலில் பக்கத்து வீட்டைப் பாருங்கள். அங்கே கரண்ட் இருந்தால் உங்கள் மெயினும் ஆர்சிசிபியும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழவில்லை, ஆனாலும் லைட் எரியவில்லை. சுவிட்ச் போட்டபடி இருக்க, பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது. அப்படியென்றால் பேஸ் வருகிறது, நியூட்ரல் போய்விட்டது. மெயினை ஆஃப் செய்துவிட்டு ஈபியைக் கூப்பிடுங்கள்.

பெரிய லோடு போட்டால் மட்டும் மங்குகிறது என்றால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது, குளச்சல் அக்கா வீட்டைப் போல.

ஒன்றைக் கவனிக்காமல் விடவே கூடாது. திடீரென்று லைட் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிகிறது, பேன் வேகம் எடுக்கிறது, பக்கத்து வீட்டில் அதே நேரம் மங்குகிறது என்றால் தெரு லைனில் நியூட்ரல் அறுந்திருக்கலாம். உங்கள் வீட்டுக்கு 230-க்குப் பதில் 400 வரை ஏறக்கூடும். ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். டிவி, பிரிட்ஜ், மோட்டர் எல்லாம் ஒன்றாகப் போகும் நாள் அது.

மழை பெய்தால் மட்டும் ஆர்சிசிபி விழுகிறது என்றால் மீட்டருக்குப் பின்னால், நம் பக்கத்தில், எங்கோ நீர் இறங்குகிறது. காம்பவுண்ட் லைட், கேட் லைட், கிணற்று மோட்டர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

மரமும் காற்றும்

2017 நவம்பர் 30-ஐ இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஒக்கி அடித்ததில் ரப்பரும் தென்னையும் சரிந்து, ஆயிரக்கணக்கில் போஸ்ட்கள் ஒடிந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தன. அந்த நாட்களில் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, பிளக் வழியாகவே வீட்டு லைனுக்குக் கொடுத்தவர்கள் உண்டு. ஈபி லைனையும் ஜெனரேட்டரையும் ஒரே நேரத்தில் சேரவிடாத சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் அப்படிச் செய்தால் கரண்ட் மீட்டர் வழியாகத் திரும்பி லைனுக்கு ஏறும். போஸ்டில் நின்று வேலை செய்பவர் லைன் ஆஃப் என்று நம்பித்தான் கை வைத்திருப்பார். ஜெனரேட்டரோ பெரிய இன்வெர்ட்டரோ வைத்தால் அந்த சுவிட்ச் இல்லாமல் இணைக்காதீர்கள். இதில் சமாதானமே கிடையாது.

மழைக்கு முன், சித்திரை வைகாசியில், வயருக்கு மேலே சாயும் மட்டைகளையும் கிளைகளையும் பாருங்கள். லைன் கம்பியருகே இருக்கும் கிளையை நாமே வெட்டக்கூடாது. ஈபியில் சொன்னால் எல்சி (லைன் கிளியர் அனுமதி) எடுத்து, லைனை நிறுத்திவிட்டு வெட்டித் தருவார்கள். சக்கை (பலாப்பழம்) பறிக்கவும் தேங்காய் போடவும் இரும்பு, அலுமினியத் தோட்டி வைத்திருக்கும் வீடுகள் இங்கே நிறைய. கம்பி போகும் பக்கத்து மரத்துக்கு அந்தத் தோட்டியை எடுக்கவே வேண்டாம். பச்சை மூங்கிலும் நனைந்திருந்தால் கரண்டைக் கடத்தும்.

கம்பி அறுந்து விழுந்து கிடந்தால் பத்து மீட்டருக்குள் யாரையும் விடாதீர்கள். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் கரண்ட் பரவியிருக்கும். பக்கத்தில் மாட்டிக்கொண்டால் பெரிய எட்டு வைக்காமல், இரண்டு காலையும் ஒட்டினாற்போல் இழுத்து இழுத்து விலகி வாருங்கள். ஐப்பசி இடிக்கு டிவி கேபிளையும், இன்டர்நெட் பெட்டியின் பிளக்கையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு அவற்றைத் தொடாதீர்கள்.

கடைசியாக ஒரு தாள்

நோட்டில் எழுதியதை ஒரே தாளில் படமாக வரையுங்கள். வீடு, போஸ்ட், எந்த வயர் எங்கே நுழைகிறது, எங்கே சந்தேகம் என்று குறியுங்கள். போஸ்டில் நம்பர் எழுதியிருந்தால் அதையும் எழுதுங்கள். ஓரத்தில் உங்கள் சர்வீஸ் எண், மின்னகம் (ஈபி புகார் மையம்) எண் 94987 94987, உங்கள் பகுதி ஈபி ஆபீஸ், கேபிள்காரர், பைபர்காரர் நம்பர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு மெயின் சுவிட்ச் பக்கத்துச் சுவரில், நனையாத உயரத்தில் ஒட்டுங்கள். குளச்சல் அக்கா வீட்டில் நான் வரைந்து கொடுத்த தாளை அவருடைய மகள் மறுபடி நீல மையில் அழகாக எழுதி ஒட்டியிருந்தாள். சர்வீஸ் வயருக்குப் பக்கத்தில், "இணைப்பு இல்லை, புதுசு" என்று.